பாடமாக்கிய ஆறு வரிகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் பிரெஞ்சு படிக்க வருபவர்களில் பலருக்குப் பாரிசில் ஓர் உறவு இருக்கும். சோதனைக்கு நாள் குறுகும்போது ரியூசன் வாத்தியார் நம்புவது வினைத்திரிபு அட்டவணையை. 'அம்பர்ஃபே' என்ற இறந்தகாலத்துக்கு அந்த நம்பிக்கை வீண்போவதில்லை. முன்பு வழக்கமாகச் செய்ததையும், அப்போது நடந்துகொண்டிருந்ததையும் சொல்வது அது. நிகழ்காலத்தின் 'நாங்கள்' வடிவத்தில் 'ஓன்' விகுதியை வெட்டிப் புது விகுதியை ஒட்டினால் போதும்: 'நு பார்லோன்' என்பது 'ஜ பார்லே' ஆகிவிடும். இதற்கு அடங்காத வினை 'எத்ர்' (இரு) ஒன்றுதான். ஸ்பானிய மொழியில் இதே காலத்துக்கும் அப்படித்தான்: 'ஆர்' என முடியும் வினைக்கு 'ஆபா', மற்ற இரு வகைக்கும் 'ஈயா'; முரண்டு பிடிப்பவை மூன்றே.

பேசினேன், பேசினாய் என்று வளர்ந்தவர்களுக்கு விகுதி மாறுவது புதிதும் அல்ல.

ஆனால் கொப்பியில் ஆறு வரியாக இருக்கும் பிரெஞ்சு அட்டவணை காதில் மூன்றாகத்தான் விழுகிறது. நான், நீ, அவர், அவர்கள் எல்லோருக்கும் 'பார்லே'. எழுத்தில் மட்டும் வேறுபாடு. ஸ்பானிய 'காந்தாபா, காந்தாபாஸ், காந்தாபாமோஸ், காந்தாபான்' வாயால் பாடமாக்கத் தோதானது. பிரெஞ்சை அதேமாதிரி ஒப்பித்தால் எழுத்துக்கூட்டல் கைக்கு வராது.

இதைவிடப் பெரிய குறை, எப்போது இந்தக் காலம் என்பதை அட்டவணை சொல்லாதது. பிரெஞ்சுத் தகுதிச் சோதனையான டெல்ஃபின் ஏ2 படி எழுத்துச் சோதனையில் சொந்த அனுபவத்தை விவரிக்கச் சொன்னால் அம்பர்ஃபேயும், நடந்துமுடிந்ததைச் சொல்லும் மற்ற இறந்தகாலமும் கலந்து வந்தாக வேண்டும். வாத்தியார் 'யூஸ்ட் டு' என்று ஆங்கிலத்தால் விளக்கிவிட்டு நகர்கிறார். பிள்ளையின் மனதிலோ "சின்னனிலை அம்மம்மா வீட்டை போவம்" என்ற வசனம். போவம் எதிர்காலம் என்றல்லவா பள்ளிக்கூடத்தில் படித்தது? 'நூஸ் அலியோன்' வரவேண்டிய இடத்தில் 'நூஸ் இரோன்', அதாவது இனிப் போவோம், வந்து உட்கார்ந்துவிடுகிறது. பழைய வழக்கத்துக்கு எதிர்கால வடிவத்தை எடுப்பது நம் பேச்சின் இயல்பு என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் இந்தப் பிழை குறைந்திருக்கும். "மழை பெய்துகொண்டிருந்தது, பஸ் வந்தது" என்பதைக் கரும்பலகையில் எழுதினால் இரண்டு காலங்களின் வேலையும் தெரிந்துவிடும்.

தமிழை மட்டும் பிடித்துக்கொண்டாலும் ஓரிடத்தில் சறுக்கும். "வீடு பெரிசா இருந்தது" நமக்குச் சாதாரண இறந்தகாலம். பிரெஞ்சில் அதற்கு அம்பர்ஃபேதான். வர்ணனை எல்லாம் அதன் பக்கம் என்பதைத் தனியாகத்தான் பழக்கவேண்டும். எனக்கென்றால் அட்டவணைக்கு இரண்டு வகுப்பு போதும், மிச்ச நேரமெல்லாம் கதை சொல்லவைக்கலாம். பாரிசுக்குப் போய் நிலைக்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் தேவை: பிரான்சில் பத்தாண்டு வதிவிட அட்டைக்கு 2026 ஜனவரி முதல் ஏ2 போதாது, பி1 வேண்டும். அந்தப் படியில் கதை இன்னும் நீளும்.