பின்வாங்கும் கை

காணொளியில் நடக்கும் வான்படச் செயலாக்க வகுப்பு எதுவானாலும் முதல் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். ஆசிரியர் கோப்பைத் திறக்கிறார். திரை முழுக்கக் கறுப்பு. ஓரியன் நெபுலாவை மணிக்கணக்கில் எடுத்துச் சேர்த்த படம் அது. அங்கங்கே சில வெண்புள்ளிகள் தவிர எதுவும் தெரியாது. நெபுலா உள்ளே இருக்கிறது. ஆனால் 16 பிட் கோப்பின் 65,536 ஒளி நிலைகளில் அடியிலுள்ள மிகச் சில நிலைகளுக்குள்ளேயே அத்தனையும் அடங்கிக் கிடக்கிறது. அதை அங்கிருந்து மேலே கொண்டுவருவதுதான் இந்தக் கலை. எவ்வளவு கொண்டுவருவது, எங்கே நிறுத்துவது என்பதில் தெரிந்துவிடும் ஒருவருடைய தரம்.

புத்தகம் படித்தும் இதைக் கற்கலாம். எந்தக் கருவி என்ன செய்யும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதைப் புத்தகம் நன்றாகவே சொல்லும். காணொளி தருவது வேறு. கச்சேரியில் கேட்பது தேர்ந்தெடுத்து முடித்த சங்கதிகளை. வீட்டில் சாதகத்தின்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் வித்வான் பாடிப் பார்த்து வேண்டாமென்று விட்டவையும் காதில் விழும். நல்ல செயலாக்க வகுப்பு அந்தச் சாதகம். ஆசிரியர் வண்ணத்தைக் கொஞ்சம் கூட்டுகிறார். பார்க்கிறார். நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி மறுபடியும் பார்க்கிறார். பிறகு, “இல்லை, இது அதிகம்” என்று அன்டூ செய்துவிடுகிறார். அந்த அன்டூவுக்காகத்தான் நான் இந்த வகுப்புகளைப் பார்க்கிறேன். முடிந்த படத்தில் அதன் சுவடே இருக்காது. ஆனால் படத்தின் அழகில் பெரும்பங்கு அதற்குத்தான்.

தொடக்கப் பாடங்கள் சுருக்கமானவை, சுருக்கமாகவே சொல்லலாம். மூடி போட்டு எடுக்கும் டார்க் ஃப்ரேம், சென்சாரின் வெப்ப இரைச்சலைக் கழிக்க. சீரான ஒளியில் எடுக்கும் ஃபிளாட், தூசி நிழல்களையும் ஓர இருட்டையும் சரிசெய்ய. பிறகு ஸ்டாக்கிங். நான்கு படங்களைச் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும். அதை மறுபடி பாதியாக்கப் பதினாறு வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு. இந்த வர்க்கமூலக் கணக்கு யாருக்கும் சலுகை காட்டாது. ஒரே ஒரு படத்தில் மட்டும் குறுக்கே ஓடும் செயற்கைக்கோள் கோடு, மற்ற படங்களோடு ஒத்துப்போகாததால் சேர்க்கும்போதே கழிந்துவிடும். இதெல்லாம் கணக்கு. ருசி இதற்குப் பிறகு வருகிறது.

ஸ்ட்ரெட்ச் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கட்டத்தில்தான் கறுப்புத் திரை விடிகிறது. மங்கலானதை அதிகமாகவும் பிரகாசமானதைக் குறைவாகவும் உயர்த்தும் ஒரு வளைகோடு, செய்வது அவ்வளவுதான். ஓரியன் நெபுலா இதற்குப் பெரிய பரீட்சை. அதன் நடுவில் டிரபீசியம் என்னும் நான்கு இளம் விண்மீன்கள் கொழுந்துவிட்டெரிகின்றன. வெளி இறகுகளோ, இருக்கிறதா இல்லையா என்று கண் சந்தேகப்படும் அளவுக்கு மங்கல். இறகுகளைக் காட்ட இழுத்தால் நடுப்பகுதி வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நடுவைக் காப்பாற்றினால் இறகுகள் இருட்டில் போய்விடும். அனுபவப்பட்டவர் ஒரே மூச்சில் இழுப்பதில்லை. கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மையத்தை மாஸ்க் போட்டு மறைத்து, மறுபடி கொஞ்சம். நடுப்பகுதிக்கென்று சில வினாடிகளே எடுத்த தனிப் படங்களைக் கலப்பதும் உண்டு. பின்புல வானத்தை முழுக் கறுப்பாக்காமல் விடுவதும் இந்தக் கட்டத்தின் பண்புதான். அடர்கறுப்பு பார்த்தவுடன் கவரும். ஆனால் அந்தக் கறுப்புக்குள் மெல்லிய தூசிப் படலங்களெல்லாம் வெட்டுண்டு போயிருக்கும்.

கணினி வந்தபிறகு பிறந்த வித்தை இது என்று நினைப்பவர்கள் டேவிட் மாலினைப் பார்க்க வேண்டும். வேதியியல் பயின்ற அவர் 1975-இல் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் சேர்ந்தார். கண்ணாடித் தகட்டில் பதிந்த படத்திலிருந்து கூர்மை மழுங்கிய ஒரு நகலெடுத்து, அதை மூலத் தகட்டோடு சேர்த்து வைத்து அச்சிடுவார். பெரிய பிரகாச வேறுபாடுகள் அடங்கி, நுண்விவரங்கள் மேலெழும். அன்ஷார்ப் மாஸ்க் என்று இன்று ஒரு சொடுக்கில் நடப்பது அந்த இருட்டறை வேலைதான். தகட்டின் மேற்பரப்பில் மட்டும் மிக மெல்லிதாகப் பதிந்த ஒளியைப் பெருக்கிக் காட்டவும் அவர் வழி கண்டார். அந்த வழியில்தான் 1986-இல் மாலின் 1 என்ற பிரம்மாண்டமான, ஆனால் மிக மங்கலான கேலக்ஸி வெளிப்பட்டது. அழகுக்காகப் பழகிய கை அறிவியலுக்குப் புதிதாக ஒன்றைத் தந்தது.

அந்தப் பரம்பரையை இன்று காணொளியில் நடத்துபவர்களில் ஆடம் பிளாக் எனக்கு முதன்மையானவர். அரிசோனாவின் கிட் பீக்கில் பொதுமக்களுக்கு வானம் காட்டியவர். பிறகு மவுண்ட் லெம்மன் ஸ்கைசென்டரில் 0.8 மீட்டர் ஷுல்மன் தொலைநோக்கியால் படமெடுத்தவர். ஸ்பெயினில் உருவான பிக்ஸ்இன்சைட் மென்பொருளுக்கு அவர் நடத்தும் பாடங்களில், எதை அழுத்துவது என்பதற்கு முன்னால் ஏன் அழுத்துவது என்பது வரும். செலவில்லாமல் தொடங்க விரும்புபவருக்கு நிக்கோ கார்வரின் ‘நெபுலா ஃபோட்டோஸ்’ யூடியூப் சேனல் இருக்கிறது. சாதாரண கேமராவும் முக்காலியும் வைத்து எடுத்த படத்தை, சிரில் போன்ற இலவச மென்பொருளில் தொடக்கம் முதல் முடிவு வரை கொண்டுபோய்க் காட்டுகிறார். சில வகுப்புகள் எண்களை மட்டும் தரும்: இங்கே 0.25 போடு, அங்கே மூன்று முறை அழுத்து. அவற்றில் படம் கிடைக்கும், கண் கிடைக்காது. உன் வானமும் உன் கேமராவும் வேறு. அந்த எண் உனக்குப் பொருந்தாது.

நம்மூரில் இதைக் கற்பதற்குப் பருவமே வசதி செய்து தருகிறது. ஓரியன் மாலையில் ஏறத் தொடங்கும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடுகிறது. முந்தைய கோடையில் எடுத்தவற்றை வைத்துக்கொண்டு பாடம் பார்ப்பதற்கு அதைவிட நல்ல காலம் ஏது?

வண்ணத்தைப் பற்றித்தான் வாக்குவாதம் அதிகம். 1995-இல் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டு கழுகு நெபுலாவில் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தில் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம். பொய் வண்ணம் என்று இதைத் தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹைட்ரஜன் 656 நானோமீட்டரிலும் கந்தகம் 672-லும் ஒளிர்கின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பு. அப்படியே காட்டினால் எது எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பிரித்து வண்ணமிட்டதால்தான் தூண்களின் விளிம்பை ஒளி அரித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. விதியை முன்கூட்டிச் சொல்லி, படம் முழுவதற்கும் ஒரே விதியாக வைக்கும்வரை அது நேர்மையான வண்ணம். ஒரு மூலைக்கு மட்டும் நீலம் பூசுவது நேர்மையில்லை.

கூர்மையாக்கும் கருவிகளுக்கும் இதே அளவுகோல்தான். ரிச்சர்ட்சன் 1972-இலும் லூசி 1974-இலும் தனித்தனியே வகுத்த கணித முறை, ஹப்பிளின் கண்ணாடி பிழையாக வடிக்கப்பட்டது தெரிந்தபோது, 1993-இல் பழுது நீக்கும்வரை அதன் படங்களைத் தெளிவாக்கக் கைகொடுத்தது. இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அதைவிட வேகமாகக் கூர்மை தருகின்றன. அவற்றை இயக்கிக் காட்டிவிட்டு, பழைய படத்தையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போட்டு, “இந்த இழை மூலத்தில் இருக்கிறதா?” என்று தேடும் ஆசிரியரை நம்பலாம்.

பின்புல ஒளியைக் கழிக்கும் பாடத்தை இப்போதெல்லாம் நான் இரண்டு தடவை பார்க்கிறேன். நகர விளக்குகள் வானத்தில் ஏற்றும் மஞ்சள் சாயத்தை நீக்க, வெறும் வானம் என்று நாம் நினைக்கும் இடங்களில் மாதிரிப் புள்ளிகள் வைக்கிறோம். மென்பொருள் அவற்றைக் கொண்டு சாயத்தைக் கணித்துக் கழிக்கிறது. புள்ளி தவறி ஒரு மெல்லிய முகிலின் மேல் விழுந்தால், முகிலும் சேர்ந்து போய்விடும். ஐசக் ராபர்ட்ஸ் 1888-இல் படமெடுத்த காலத்திலிருந்து ஆண்ட்ரோமெடா கேலக்ஸியை எடுக்காத வான்படக்காரர் இல்லை. அப்படியிருந்தும் 2022-இல் யான் சென்டி, மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ரோட்னர் ஆகிய அமெச்சூர்கள், ஆக்சிஜன் வடிகட்டி போட்டு நெடுநேரம் எடுத்த படங்களில், அதன் தென்கிழக்கே முழுநிலா மூன்றை வரிசையாக வைத்த நீளத்துக்கு ஒரு நீலப்பச்சை வளைவைக் கண்டார்கள். ஆய்வாளர்களோடு சேர்ந்து அதை 2023-இல் வெளியிட்டார்கள். அதுவரை எத்தனையோ படங்களில் அந்த இடம் வெறும் வானம்தான். அங்கே புள்ளி வைக்கலாமா, வேண்டாமா என்பதை ஓர் ஆசிரியர் திரையில் யோசிக்கிறார். சுட்டி அசையாமல் நிற்கிறது. வைத்த புள்ளியை எடுத்துவிட்டு, கேலக்ஸியின் மறுபக்கத்தில் வேறொரு இடம் தேடுகிறார்.