தொப்பூரில் நின்றால் ஆட்டையாம்பட்டியைக் காட்டியது

அக்கா மகன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இட எண்ணை ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். போக வேண்டிய இடம் 41 கிலோமீட்டர் தெற்கே என்றது திரை. நாங்கள் நின்றதோ தொப்பூரில், உறவினர் ஒருவரின் காட்டு வேலியோரம். (எங்கள் பக்கம் காடு என்றால் மானாவாரி நிலம், வனம் வேறு.) அவன் ஒளித்து வைத்த டிபன் டப்பா அதே காட்டுக்குள், கூப்பிடு தூரத்தில் இருந்தது. வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தால், புள்ளி சேலத்தையும் தாண்டி முறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டிப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தது.

"முறுக்கு வாங்கிட்டு வரச் சொல்லுது மாமா," என்றான்.

தப்பு என்னுடையது. அவன் அனுப்பியது 11 டிகிரி 56.400 நிமிடம். என் கருவியோ தசம டிகிரியில் எண் கேட்கும்படி வைக்கப்பட்டிருந்தது. நான் பாட்டுக்கு 11.56400 என்று போட்டேன். 56.4 நிமிடத்தை 60 ஆல் வகுத்தால் 0.94, ஆக, போட்டிருக்க வேண்டியது 11.94000. வித்தியாசம் 0.376 டிகிரி. அட்சரேகையில் ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர் என்பதால் சரியாக ஆட்டையாம்பட்டி. எண்ணை வைத்து ஒளித்த டப்பாவைத் தேடும் இந்த ஜியோகேச்சிங் ஆட்டத்தை ஆடுகிறவர்கள் உலகம் முழுக்க டிகிரி, தசம நிமிடம் என்றே எழுதுகிறார்கள். கூகுள் மேப்ஸில் விரலை அழுத்திப் பிடித்தால் வருவது தசம டிகிரி. கருவி வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டிய அமைப்பு இதுதான். நிமிடத்தில் கடைசி இலக்கம், அந்த ஆயிரத்தில் ஒரு பங்கு, தரையில் இரண்டு மீட்டர்கூட வராது. அவ்வளவு நுணுக்கமான எண்ணை வைத்துக்கொண்டு 41 கிலோமீட்டர் தவறியவன் நான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மூன்று சாமான்களோடு அலைந்தோம். என்னுடைய கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், பெங்களூரு நண்பரிடம் இரவல் வாங்கிய ஜிபிஎஸ்மேப் 65எஸ், மருமகனின் போன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: துல்லியத்துக்காக மட்டும் என்றால் கைக்கருவி வாங்காதீர்கள். திறந்தவெளியில் மூன்றும் ஒன்றுக்கொன்று நாலைந்து மீட்டருக்குள் ஒத்துப்போயின. விமானப் பயன்முறையில் போட்டாலும் போனின் ஜி.பி.எஸ். வேலை செய்யும். செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கேட்பதற்கு டவர் தேவையில்லை. டவர் உதவி இல்லாவிட்டால் முதல் தடவை இடம் பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் போதும்.

பிறகு எதற்கு 22எக்ஸை வைத்திருக்கிறேன்? மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொப்பூர்ப் பாறைமேல் போனை எடுத்துப் பார்த்தால் புரியும். சூடேறி, தன் வெளிச்சத்தைத் தானே குறைத்துக்கொண்டுவிடும். கையைக் குடை பிடித்து, முகத்தை ஒட்டி வைத்துத் தேட வேண்டியிருக்கும். 22எக்ஸின் திரை 2.2 அங்குலம்தான், படத் தெளிவில் எந்தப் போனுக்கும் ஈடாகாது. ஆனால் வெயில் விழ விழத் தெளிவாகிற ஜாதி அது. பின்விளக்கை அணைத்தே வைத்திருந்தேன். பொத்தான்கள் வியர்த்த கைக்கும் மண் ஒட்டிய கைக்கும் ஒரே மாதிரி மசிகின்றன. எழுத்து எழுத்தாகப் பொத்தானை ஆட்டிப் பெயர் எழுதுவது மட்டும் பொறுமையைச் சோதிக்கும். நான் இடங்களுக்கு எண் மட்டுமே வைக்கிறேன்.

இரண்டு பென்சில் செல் போட்டால் 25 மணி நேரம் என்பது நிறுவனத்தின் கணக்கு. செல் தீர்ந்தால் தொப்பூர்ப் பெட்டிக்கடையிலேயே புதிது கிடைக்கும் என்பதுதான் எனக்குப் பெரிய சங்கதி. சார்ஜ் செய்கிற நிக்கல் செல் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமைப்பில் போய் பேட்டரி வகையை மாற்றாவிட்டால், அந்தச் செல்லின் குறைந்த வோல்டேஜைப் பார்த்து மீட்டர் ஆரம்பத்திலேயே பாதி தீர்ந்ததாகக் காட்டும்.

இனி குறை. 22எக்ஸில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் அதற்குத் திசை தெரியும். இரண்டு இடங்களை ஒப்பிட்டு, நீங்கள் போகும் திக்கை அது ஊகிக்கிறது. நின்றுவிட்டால் அம்பு சொல்வதை நம்ப முடியாது. வரப்பில் இது பெரிய விஷயமில்லை. டப்பா பத்து மீட்டரில் இருக்கிறது, சுற்றிலும் உன்னிச்செடி, முன்னால் ஒரு அடி வைத்தால் சட்டை கிழியும் என்ற இடத்தில்தான் வேதனை. நான் பின்னால் இருபது அடி நடந்து, திரும்பி இருபது அடி வந்து, அம்பு நிலைகொண்டதும் பார்த்து, மறுபடி தொலைத்து... மருமகன் வேலிக் கல்லில் உட்கார்ந்து இதை வீடியோ எடுத்தான். 65எஸில் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உண்டு. நின்ற இடத்தில் சுழன்றாலே அம்பு கூடவே சுழல்கிறது. ஈட்ரெக்ஸ் வரிசையிலேயே 32எக்ஸில் இரண்டும் இருக்கின்றன. புதையல் தேடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 22எக்ஸைத் தாண்டி 32எக்ஸுக்குப் போய்விடுங்கள். செல் மாற்றும்போதெல்லாம் திசைகாட்டியைச் சுழற்றிச் சரிசெய்ய வேண்டும் என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

65எஸின் உண்மையான பலம் மலைச்சரிவை ஒட்டி நடந்தபோது தெரிந்தது. ஒரு பக்கம் பாறைச் சுவர் இருந்தால் சமிக்ஞை நேராகவும் வரும், பாறையில் பட்டுத் திரும்பியும் வரும். ஒற்றை அலைவரிசைக் கருவி எதுவானாலும் திரும்பி வந்ததையும் நம்பிக் கணக்குப் போட்டு, நடந்த பாதையைக் கோணல்மாணலாக வரையும். 65எஸ் இரண்டு அலைவரிசைகளில் கேட்பதால் கோடு ஒழுங்காக வந்தது. அறிமுகமானபோது அமெரிக்க விலையில் அது 22எக்ஸைப்போல் இரண்டு மடங்கு. எனக்கு வேண்டாம். வன விளிம்பில் நில அளவை செய்கிறவருக்கு வேண்டியிருக்கலாம்.

2023இல் வந்த ஈட்ரெக்ஸ் எஸ்.இ.யைப் பலர் கேட்கிறார்கள். கறுப்பு வெள்ளைத் திரை, அதே இரண்டு பென்சில் செல்லில் 168 மணி நேரம், திசைகாட்டியும் உண்டு. ஆனால் வரைபடம் ஏற்ற முடியாது. அம்பும் தூரமும் போதும் என்பவருக்குச் சரி. எனக்கு ஓடை எங்கே குறுக்கிடுகிறது என்று தெரிய வேண்டும். 22எக்ஸில் மெமரி கார்டு போட்டு, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து செய்த இலவச வரைபடத்தைச் சமஉயரக் கோடுகளோடு ஏற்றியிருக்கிறேன்.

பழைய சர்வே ஆஃப் இந்தியா தாளைப் பார்த்து எண் எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தத் தாள்கள் எவரெஸ்ட் அளவையில் வரைந்தவை, ஜி.பி.எஸ். பேசுவது டபிள்யூ.ஜி.எஸ். 84. நம் பக்கத்தில் இரண்டுக்கும் நூறு மீட்டருக்கு மேல் விலகல் வரும். தாளில் கிணறு இருக்கிற இடத்தில் தரையில் வேப்பமரம் நிற்கும்.

தொப்பூர் ஆற்றோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் 22எக்ஸை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்கு டவர் வேணுங்களா?"

"வேண்டாங்க ஐயா. நேரா வானத்துல இருந்து எடுத்துக்கும்."

"அப்ப டவர் இல்லாத எடத்துல இதுலயே போன் பண்ணலாம்."

"போன் பண்ண முடியாதுங்க."

"விழுந்து கெடந்தா எப்படிச் சொல்லுவீங்க?"

சாதாரணக் கைக்கருவிகளின் விளம்பரங்கள் நேராகப் பதில் சொல்லாத கேள்வி இது. ஜி.பி.எஸ். கருவி கேட்கும், பேசாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற மெல்லிய சமிக்ஞையைக் கேட்டு, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் நேரத்தை ஒப்பிட்டு, நீங்கள் இருக்கும் இடத்தை உங்களுக்கு மட்டும் சொல்லும். பேசுகிற ரகமும் உண்டு. கார்மினின் இன்ரீச் வரிசை இரிடியம் செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும். வெளிநாட்டு மலையேறிகள் அதைச் சிபாரிசு செய்வார்கள். இங்கே அதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் இதைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணி ஒருவரைப் பிடித்தே வைத்துவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் கருவி சொல்லி அனுப்புகிறவர்கள், அதன் பெயரில் இன்ரீச் இருக்கிறதா, மாடல் எண் 'ஐ' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 66ஐ என்றால் அது பேசும் ரகம்.

பெரியவரிடம் என்னால் சொல்ல முடிந்தது இதுதான்: போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவர் அதை ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தொப்பூரில் இதையெல்லாம் எங்கே ஆடிப் பார்ப்பது? சாலையை விட்டு மேலே ஏறினால் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம், கையில் எந்தக் கருவி இருந்தாலும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 23 பேர் இறந்த பிறகு தமிழகத்தில் மலையேற்றத்துக்கே தனி விதிகள் வந்துவிட்டன. 2024 அக்டோபரில் அரசு 40 வழித்தடங்களோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது, வழிகாட்டியும் கூட வருவார். கருவியை அங்கே கொண்டு போய்ப் பழகலாம். எங்களுக்குச் சொந்தக்காரர் காடும் ஆற்றோரமும் போதுமாக இருந்தன.

டப்பா ஒளிப்பதிலும் ஊர் பார்க்க வேண்டும். 2000 மே 2ஆம் தேதி அமெரிக்கா ஜி.பி.எஸ்.ஸில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கியது. மறுநாளே ஆரிகனில் ஒருவர் வனத்துக்குள் வாளி ஒன்றை வைத்து எண்ணை வெளியிட்டார். ஆட்டம் அப்படித்தான் பிறந்தது. அங்கே பாலத்தடியில் காந்த டப்பா ஒட்டுவது சகஜம். விபத்துக்கும் போலீஸ் ரோந்துக்கும் பேர்போன தொப்பூர்க் கணவாயின் இரட்டைப் பாலத்தடியில் அதைச் செய்து பாருங்கள், மறுநாள் பேப்பரில் 'மர்மப் பெட்டி' என்று வரும். அதற்கு முன்னால் குரங்கு வரும். லாரிக்காரர்கள் வீசும் பிஸ்கட்டில் வளர்ந்த கூட்டத்துக்கு டிபன் டப்பாவின் கிளிப் ஒரு பொருட்டே இல்லை. பெட்டியே வைக்காமல், பாறையையோ ஓடையையோ பார்த்துக் கேள்விக்குப் பதில் சொல்ல வைக்கும் எர்த்கேச் வகைதான் இந்த மலைக்கு ஏற்றது என்று எனக்குப் படுகிறது.

மருமகனின் டப்பாவைக் கடைசியில் கண்டுபிடித்தேன். கருவி மூன்று மீட்டர் என்று காட்டிய இடத்திலிருந்து ஏழெட்டு மீட்டர் தள்ளி, புளியமர வேருக்குள் இருந்தது. அடர்ந்த மரத்தடியில் நின்று ஒரே தடவை எண் எடுத்திருக்கிறான். 22எக்ஸில் ஒரே இடத்தைப் பல தடவை அளந்து சராசரி எடுக்கும் வசதி இருக்கிறது. அடுத்த முறை அதில் எடு என்று சொல்லிக் கருவியை அவனிடம் கொடுத்தேன். 65எஸைப் பெங்களூருக்குத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. புதிதாக நான் வாங்கியது நான்கு நிக்கல் செல் மட்டும்.