புலிக்கால் எங்கே தொடங்குகிறது?

பிச்சாவரத்துக்கு வண்டி வண்டியாக ஆட்கள் வருகிறார்கள். சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் ஒரு சுற்று, நாலு செல்பி, ‘இதயக்கனி’ எடுத்தது இங்கேதானே என்று ஒரு கேள்வி. அப்புறம் சிதம்பரம் போய் நடராசர் கோயில் பொற்கூரையைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோயில் முழுக்கக் கற்பனை மிருகங்கள் நிற்கின்றன. ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. கேட்டால், “அதெல்லாம் சிற்பம் படித்தவர்களுக்கு” என்கிறார்கள். இதே ஆட்கள்தான் ‘கோகோ’ படத்தில் வந்த மெக்சிகோ நாட்டு வண்ண மிருகங்களைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். பெத்ரோ லினாரெஸ் என்ற கலைஞர் 1936-இல் காய்ச்சலில் கிடந்தபோது கனவில் கண்டு, பிறகு காகிதக் கூழில் செய்த உருவங்களின் வழி வந்தவை அவை. எனக்கும் பிடிக்கும். ஆனால் அவற்றைப் பார்க்க எந்தப் படிப்பும் தேவைப்படவில்லையே! யாளிக்கு மட்டும் ஏன் பட்டம் கேட்கிறீர்கள்?

தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படை கொஞ்சம்தான். யாளி என்றால் சிங்க உடல். முகம் சிங்கமாக இருந்தால் சிம்ம யாளி, யானையாக இருந்தால் கஜ யாளி, மகரமாக இருந்தால் மகர யாளி. சோழர் கோயில்களில் அடித்தளத்தின் மேல் வரியில் சின்னதாக வரிசை கட்டி நிற்கும். நாயக்கர் காலத்தில் தூண் உயரத்துக்கு எழுந்து பாயும். மனித முகமும் சிங்க உடலுமாக இருப்பது புருஷாமிருகம். நடராசர் கோயில் வாயிலில் காவலுக்கு இருக்கிறது. அதைத் தலைகீழாக்கினால் அதிகார நந்தி: மாட்டு முகம், மனித உடல். பெயர்களுக்கு இது போதும். பெயரை மனப்பாடம் செய்துவிட்டு ரசித்ததாக நினைத்துக்கொள்வதும் ஒரு வியாதிதான்.

இனி பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு மிருகம் இன்னொரு மிருகமாக மாறும் இடம். கற்பனை மிருகத்தின் உயிர் அங்கேதான். முகத்தில் இல்லை, கோரைப் பல்லில் இல்லை, பிதுங்கிய கண்ணில் இல்லை. என்னைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகைக் கற்பனை மிருகங்கள்: ஒட்டியவை, முளைத்தவை.

வியாக்ரபாதரை எடுத்துக்கொள்ளுங்கள். தேனீ தொடுவதற்கு முன் பூப்பறிக்க வேண்டும், பனியில் வழுக்கும் மரத்தில் இருட்டோடு ஏற வேண்டும் என்று இறைவனிடம் புலிக்காலும் புலிக்கண்ணும் கேட்டு வாங்கியவர். சிதம்பரத்துக்குப் பெரும்பற்றப்புலியூர் என்று பெயர் வந்ததும், கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் இருப்பதும் அவரால்தான். ஊரெல்லாம் தில்லைவனமாக இருந்த காலம் அது என்கிறது தலபுராணம். அந்தத் தில்லை மரத்தைப் பார்க்க இன்று பிச்சாவரத்துக்குத்தான் வர வேண்டும். நடராசருக்கு இருபுறமும் பதஞ்சலியோடு கைகூப்பி நிற்பாரே, அவரேதான். அவருடைய முழங்காலைப் பாருங்கள். நாம் குதிகாலை ஊன்றி நிற்கிறவர்கள். புலி விரல்களில் நிற்கும் மிருகம். அதன் குதிகால் தரையில் படாமல் மேலே, பின்னால் தள்ளி இருக்கும். மனித இடுப்புக்குக் கீழே புலிக்கால் வந்தால் உடம்பின் பாரமே இடம் மாறும். முழங்கால் மடங்கும், இடுப்பு பின்வாங்கும், தோள் முன்னால் சாயும். இது தெரிந்த கலைஞன் செய்த முனிவர், கூப்பிய கையோடு அப்படியே மரத்தில் தாவிவிடுவார் போல இருப்பார். தெரியாதவர் செய்தால் நேராக நிற்கும் மனிதர், முழங்காலுக்குக் கீழே வரிபோட்ட பூட்ஸ் மாட்டியதுபோல. முதல் உருவம் முளைத்தது, இரண்டாவது ஒட்டியது.

இடுப்புக்குக் கீழே பாம்பாக இருக்கும் பதஞ்சலியிடம் கேள்வி வேறு. பாம்புக்கு இடுப்பு கிடையாது. மனித இடுப்பின் அகலத்தைச் சுருளுக்குள் எப்படிக் கரைப்பது? நல்ல உருவத்தில் தொப்புளுக்குக் கீழே வயிறு மெல்ல ஒடுங்கும். பாம்பின் அடிவயிற்றில் குறுக்காக ஓடுமே பட்டை பட்டையான செதில், அது முதலில் தோல்மடிப்பு மாதிரி தொடங்கி, பிறகுதான் செதிலாகத் தடிக்கும். எந்த இடத்தில் மனிதர் முடிந்தார் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. சோம்பேறிக் கலைஞன் அங்கே ஒரு ஒட்டியாணத்தைப் போட்டு மறைத்துவிடுவான். நகை எங்கே கனமாக இருக்கிறதோ அங்கே சந்தேகப்படுங்கள். காமதேனு வாகனத்தில் பெண் கழுத்துக்கும் பசு மார்புக்கும் நடுவில் அட்டிகை மேல் அட்டிகை அடுக்கியிருந்தால், செய்தவருக்கு அந்த இடம் பிடிபடவில்லை என்று அர்த்தம்.

இந்த வித்தையின் உச்சம் வேண்டுமானால் தாராசுரம் போய் வாருங்கள். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிறு சிற்பம் ஒன்று உண்டு. ஒரு பக்கத்து உடலை உள்ளங்கையால் மறைத்தால் காளை. மறுபக்கத்தை மறைத்தால் யானை. யானையின் துதிக்கை எந்தக் கோட்டில் போகிறதோ, காளைக்கு அதே கோடு வேறு உறுப்பாகிவிடுகிறது. அங்கே மூட்டு என்று தனியாக ஒன்று இல்லை. தலை முழுவதும் மூட்டு. 12-ஆம் நூற்றாண்டில் இதை யோசித்தவனுக்குப் பக்கத்தில் வைக்க எந்த நாட்டு ஓவியனை அழைத்து வருவீர்கள்?

இப்போது நாகரிகமாகிவிட்ட ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். யானையின் வெளிக்கோட்டை வரைந்து, உள்ளே கோலத்தையும் பூவையும் நிரப்பி, போன் உறையிலும் தலையணையிலும் விற்கிறார்கள். அது கற்பனை இல்லை, அலங்காரம். கட்டளை தட்டினால் படம் தரும் கணினி மிருகங்களும் அப்படியே. சிங்கத்தின் கழுத்தில் மயிலிறகு வருகிறது, எலும்பு வரவில்லை. இறக்கை எந்தத் தசையிலிருந்து புறப்பட்டது என்று கேட்டால் பதில் இல்லை. பளபளப்பு மட்டும்தான்.

வண்ணம் என்றாலே முகம் சுளிக்கும் விமரிசகர்கள் இன்னொரு கூட்டம். கோபுரத்துச் சுதை மிருகங்களுக்குப் பச்சையும் நீலமும் அடித்தால் “கண்ணை உறுத்துகிறது, வெறும் கல்லே அழகு” என்பார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் காலத்து வண்ணம் இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. சிதம்பரத்தில் சிவகாமியம்மன் சன்னதி மண்டப விதானத்தை நாயக்கர் காலத்தில் ஓவியத்தால் நிரப்பினார்கள். கல்லை வெறுமனே விட வேண்டும் என்று நம்மவர்கள் ஒருநாளும் நினைக்கவில்லை. வண்ணத்திலும் நான் கேட்பது அதே கேள்விதான். காமதேனுவின் மயில் தோகை நீலம் தோகையில்தான் தொடங்குகிறதா, பசுவின் பின்தொடையிலேயே சாயலாக எட்டிப் பார்க்கிறதா? எட்டிப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுங்கள்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. கண்ணைப் பழக்க நான் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் பிச்சாவரம் சேற்றுக்குத்தான் போவேன். தண்ணீர் வடிந்த நேரம், படகை ஓரம் கட்டச் சொல்லி, வேர்களுக்கு நடுவில் சும்மா பார்த்திருங்கள். சேற்றில் தத்திப் போகும் மீன் ஒன்று வெளியே வரும். தலை உச்சியில் தவளைபோல் துருத்திய கண். முன்செட்டையின் அடிப்பகுதி தோள்போலத் திரண்டிருக்கும். அதை ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு நடக்கும். பக்கத்திலேயே ஆண் நண்டு, ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குச் சமமாகப் பெருத்தது, நிறமும் அதில்தான் தூக்கல். அந்தக் கொடுக்கைத் தாங்க அந்தப் பக்கத்து உடம்பு எப்படிச் சரிந்து கொடுக்கிறது பாருங்கள். யாளி செய்தவர்களுக்குப் பாடம் இந்த மாதிரி இடங்களில்தான் கிடைத்திருக்கும் என்று நான் நம்புகிறேன். இதைச் சொன்னால் அறிஞர்கள் ஆதாரம் கேட்பார்கள். கேட்கட்டும்.

வாகனத்தை மட்டும் தயவுசெய்து மண்டபத்தில் கம்பிக்குப் பின்னால் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அது தோளில் ஏறி ஆடுவதற்காகச் செய்தது, கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதற்காகச் செய்தது. நின்றால் விறைப்பாகத் தெரியும் கழுத்து, தூக்குபவர்களின் நடையில் அசையும்போதுதான் உடம்போடு சேரும். ஆனித் திருமஞ்சனத்துக்கோ மார்கழித் திருவாதிரைக்கோ சிதம்பரம் வாருங்கள். திருவிழாவின் ஐந்தாம் நாள் தெருவடைச்சான் உலா, வெள்ளி ரிஷப வாகனம். கூட்டத்தோடு முன்னால் போய் முட்டிக்கொள்ள வேண்டாம். கீழவீதியிலிருந்து தெற்குவீதிக்குத் திரும்பும் முனையில் இடம் பிடியுங்கள். திரும்பும்போதுதான் பக்கவாட்டில் கழுத்தும் தோளும் சேரும் இடம் தெரியும். போனைப் பையில் போட்டுவிட்டு, ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்து வாருங்கள். முகத்தை வரைய வேண்டாம், தோளை மட்டும் வரையுங்கள்.