சப்ரகமுவ தோட்டங்களில் மருத்துவ ஊழியம்

திருச்சபைகளும் கிறிஸ்தவ மருத்துவக் குழுக்களும் நடத்தும் இலவச மருத்துவ முகாம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. வெளியிலிருந்து வரும் வைத்தியர்கள் ஓரிரு நாள் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ நோயாளரைப் பார்த்து, மருந்து கொடுத்து, ஜெபித்துத் திரும்புகிறார்கள். இந்த ஊழியத்தின் நன்மை மெய்யானது. அதன் குறைகளில் பெரும்பாலானவை ஆயத்தக் குறைவால் வருபவை.

சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இந்த நன்மைக்குத் தனி எடை உண்டு. நுவரெலியாவைப் போலன்றி, இங்கே தோட்டத் தமிழர் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழும் சிறுபான்மையினர். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் அங்கே பெரும்பாலும் சிங்களமே பேசப்படுகிறது. கொழுந்தெடுக்கும் பெண்ணோ ரப்பர் பால்வெட்டும் தொழிலாளியோ அங்கே போனால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும். பஸ் காசும் செலவாகும். தெரணியகலையிலோ ராக்குவானையிலோ லயத்துக்குப் பக்கத்திலேயே, தமிழில் காதுகொடுத்துக் கேட்கும் ஒரு வைத்தியர் உட்கார்ந்தால், பல காலம் சொல்லாமல் வைத்திருந்த நோய் வெளியே வருகிறது. பிரஷரும் சீனி வருத்தமும் இரத்தச்சோகையும் முதன்முறையாகப் பிடிபடுகின்றன.

பிடிபட்ட பிறகு என்ன என்பதில்தான் முகாம் தடுமாறுகிறது. பிரஷர் மாத்திரை காலமெல்லாம் எடுக்க வேண்டியது. குழு தருவதோ சில வார மருந்து. என்ன மருந்து, எந்த அளவு என்று எழுதிய துண்டு இல்லாவிட்டால், அடுத்துப் பார்க்கும் வைத்தியர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரத்தினபுரியும் கேகாலையும் எலிக்காய்ச்சல் அதிகமுள்ள மாவட்டங்கள். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருபவருக்குப் பெனடோல் மட்டும் கொடுத்து அனுப்புவது ஆபத்து. எந்த நோயாளியை எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வாகனத்தில் அனுப்புவது என்பதை முன்னரே முடிவுசெய்யாத முகாம் பாதி முகாம்தான்.

மருந்துப் பெட்டியும் கவனிக்கத்தக்கது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கைக்கு வந்து குவிந்த நன்கொடை மருந்துகளில் பயன்படாதவையும் இருந்தன. நன்கொடை மருந்து வந்துசேரும்போது குறைந்தது ஓராண்டாவது காலாவதியாகாமல் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது. வெளிநாட்டு வைத்தியர் இங்கே சிகிச்சையளிக்க இலங்கை மருத்துவ சபையின் தற்காலிகப் பதிவு வேண்டும். அன்போடு வருகிறோம் என்பதால் இந்த விதிகள் தளர வேண்டியதில்லை. ஏழை உடம்புக்கும் அதே பாதுகாப்பு உரியது.

ஜெபத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். தோட்ட மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். மருந்து வாங்கும் வரிசையும் ஜெபிக்கும் இடமும் ஒன்றானால், மறுக்க நினைப்பவரால் மறுக்க முடியாது. விரும்பிக் கேட்பவருக்காக வேறிடத்தில் ஜெபிப்பதே விசுவாசத்துக்கும் மரியாதை.

இந்த ஊழியத்துக்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் நோயாளரைப் பார்த்ததோடு நிற்கவில்லை. தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கி, உள்ளூர் இளைஞரைத் தமிழிலேயே வைத்தியர்களாகப் பயிற்றினார். 1873இல் அவர் நாடு திரும்பிய பின்னும் அவர்கள் வைத்தியம் பார்த்தார்கள்.

ஓரிரு நாள் குழுவால் கிறீன் செய்தது அனைத்தையும் செய்ய முடியாது. ஆனால் அவர் சென்ற திசையில் செல்ல முடியும். ஆகவே, அடுத்த பயணத்துக்கு ஆயத்தமாகும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்து சேர்ப்பதற்கு முன் அந்த வட்டாரச் சுகாதார வைத்திய அதிகாரியையும் தோட்ட வைத்தியரையும் சந்தியுங்கள். வேலையில்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு நோயாளியின் கையிலும் விவரம் எழுதிய கொப்பி இருக்கட்டும். தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்குப் பிரஷர் பார்க்கவும், ஆஸ்பத்திரியில் நோயாளிக்காகச் சிங்களத்தில் பேசவும் பயிற்சி கொடுங்கள். பஸ் கட்டணத்துக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். இவற்றைச் செய்ய முடியாவிட்டால், முகாமைத் தள்ளிப்போடுவதே நேர்மை.