ஜான் கோல்ட்ரேன்: கேட்க வேண்டிய தட்டுகள்

ஒரு கலைஞனின் பெருமையை அவனது ஆற்றலைக் கொண்டு அளப்பதா, அவ்வாற்றலை அவன் எதற்குச் செலவிட்டான் என்பதைக் கொண்டு அளப்பதா? அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ் இசையில் சாக்ஸபோன் மேதையாகப் போற்றப்படும் ஜான் கோல்ட்ரேனின் இசைத்தட்டுகளைக் கேட்குந்தோறும் இவ்வினா நம்முன் எழுகிறது.

1926-ல் வட கரோலினாவின் ஹேம்லெட் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 1967-ல் தமது நாற்பதாம் வயதில் மறைந்தார். 1957-ல் போதைப் பழக்கத்தால் மைல்ஸ் டேவிஸின் குழுவிலிருந்து விலக்கப்பட்டார். அதே ஆண்டில் அப்பழக்கத்தை உதறி எழுந்தார். அவருக்கு அழியாப் புகழ் தந்த பதிவுகள் பெரும்பாலும் அதன் பிந்திய பத்தாண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

இசை வல்லுநர் பலரும் முதலில் சுட்டுவது 1959-ல் பதிவான ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ என்பதையே. அதன் தலைப்பு உருப்படியில் சுரக்கூட்டுகள் மாறும் வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலாமல், தேர்ந்த பியானோ கலைஞரான டாமி ஃபிளனகனே தடுமாறுவதைத் தட்டிலேயே கேட்கலாம். கேட்டு வியக்கிறோம், ஆயினும் உள்ளம் உருகுவதில்லை. நம்மை உருக்குவது அதே தொகுப்பிலுள்ள ‘நைமா’ என்னும் மெல்லிய மெட்டு. இஸ்லாத்தைத் தழுவியிருந்த தம் முதல் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார் கோல்ட்ரேன். தம் வித்தையைக் காட்ட வாய்ப்பிருந்தும், மெட்டை மட்டும் வாசித்துவிட்டு அதில் அவர் ஒதுங்கி நிற்கிறார். இவ்வடக்கம் வேகத்தினும் அரியது என்பது நம் கருத்து.

1963 செப்டம்பர் 15 அன்று, அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். இரண்டு மாதங்கள் கழித்துப் பதிவானது ‘அலபாமா’. ஏறத்தாழ ஐந்தே நிமிடம். பியானோவின் தாழ்ந்த முழக்கத்தின்மேல் சாக்ஸபோன் தாளக்கட்டின்றி மெல்லப் பேசுகிறது. கூக்குரல் இல்லை, பழிதீர்க்கும் ஆவேசமும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நிலவும் கனத்த அமைதியே அதில் கேட்கிறது.

1964 டிசம்பர் 9 அன்று ஒரே இரவில் பதிவான ‘எ லவ் சுப்ரீம்’ அவரது முடிமணி. தம்மை மீட்ட இறைவனுக்கு நன்றியாக நான்கு பகுதிகளில் அதனை அமைத்தார். இறுதிப் பகுதியில், தாம் எழுதிய துதிக் கவிதையின் சொற்களைப் பாடாமல், கருவியின் வழியே அசையசையாக ஓதுகிறார். அதில் பியானோ வாசித்த மெக்காய் டைனர் இளமையிலேயே இஸ்லாத்தை ஏற்றவர். கோல்ட்ரேனோ தேவாலயப் போதகர்களின் பேரர். இசைக்கருவியில் துதி சொல்லலாமா என்பதில் நம்மவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனை இங்கே தீர்க்க நாம் முற்படவில்லை. ஆனால் தவறிலிருந்து மீண்ட ஒருவரின் நன்றியுணர்வு இதில் மெய்யாகவே ஒலிக்கிறது என்பதை யாரும் மறுக்க இயலாது.

1965-ல் பதினொரு கலைஞர்கள் ஒருசேர முழங்கிய ‘அசென்ஷன்’ பதிவை இப்பட்டியலில் நாம் சேர்க்கவில்லை. அதன் துணிவை மதிக்கிறோம். ஆனால் நாற்பது நிமிட ஆரவாரத்தில் தனியொருவரின் குரல் மூழ்கிப் போகிறது.

புதிதாகக் கேட்க முனைவோர் ‘நைமா’வில் தொடங்கி, ‘அலபாமா’வைக் கடந்து, ‘எ லவ் சுப்ரீமை’ அடைவாராக. ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ அதன் பிறகு வரட்டும். அப்போது அந்த வேகமும் வெறும் வித்தையாகத் தோன்றாது. பின்னாளில் அவர் சொல்ல வந்ததற்கான கடும் பயிற்சியாகவே விளங்கும்.