நாயகனை வெட்டாதீர்!

ஒல்லிப் பத்தியில் ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ வந்து உட்கார்ந்தால் லே-அவுட் ஆசாமி என்ன செய்வார்? விட்டால் மேல்வரியில் ஓட்டைப் பல். அவசரமாக வெட்டினால் புள்ளி எழுத்தில் வரி தொடங்கும். ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் பிரம்பெடுப்பார்.

இங்கிலீஷுக்கு 1983-லேயே ஸ்டான்ஃபோர்டில் ஃப்ராங்க் லியாங் வழி சொல்லிவிட்டார். 4447 எழுத்துக்கோவைகள், எங்கே வெட்டலாம், கூடாது என்று அவற்றுக்குள் எண்கள். க்னூத்தின் ‘டெக்’ மென்பொருள் எடுத்துக்கொண்டது. வேறு மொழியா? பட்டியலை மாற்று, போதும்.

தமிழுக்கும் பட்டியல் இருக்கிறது. ரொம்பச் சின்னது: மெய்யெழுத்துக்கு முன்னால் வெட்டாதே, மற்றபடி உன் இஷ்டம். இலக்கணம் சரிதான். ஆனால், அதற்கு எழுத்து தெரியும், சொல் தெரியாது. கதாநாயகன் வரிக்கடைசியில் ‘கதாநாய’ என்று நிற்பார், ‘கன்’ கீழே. எந்த நடிகர் சும்மா விடுவார்?

லியாங் முறையில் விதிவிலக்குகளுக்கும் இடம் உண்டு. இங்கிலீஷுக்கு 14 வார்த்தைகளோடு முடித்துவிட்டார்கள். நம்முடையதை யாராவது உட்கார்ந்து எழுதணும்.