ஒற்றைக் கிட்டாரில் ஜாஸ்: கார்டு மெலடி அமைப்பு

கார்டு மெலடி என்பது ஒரு பாடலின் மெட்டு, கார்டுகள், அடிச்சுரம் மூன்றையும் ஒரே கிட்டாரில் சேர்த்து வாசிக்கும் முறை. மெட்டு மேல் தந்திகளில் ஒலிக்கும். அதற்குத் துணையான சுரங்கள் கீழே அமையும். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நாடகமேடைக்கும் திரைக்கும் எழுதப்பட்டு, ஜாஸ் கலைஞர்கள் திரும்பத் திரும்ப வாசித்ததால் நிலைபெற்ற பாடல்கள் ஜாஸ் ஸ்டாண்டர்டுகள் எனப்படுகின்றன. இவற்றைத் தனிக் கிட்டாருக்கு அமைப்பது தனித்த கலையாக வளர்ந்தது. ஜோ பாஸ் 1973ல் பதிவு செய்த ‘வர்ச்சுவோசோ’ இசைத்தட்டும், டெட் கிரீன் 1977ல் வெளியிட்ட ‘சோலோ கிட்டார்’ தட்டும் இன்றும் பாடமாகக் கேட்கப்படுகின்றன. இந்தியாவில் இம்மரபை நெடுங்காலம் காத்தவர்களில் முதன்மையானவர், பெங்களூரில் பிறந்து கொல்கத்தாவில் வாழ்ந்து 2016ல் மறைந்த கார்ல்டன் கிட்டோ. சுஷீல் குரியன் இயக்கிய ‘ஃபைண்டிங் கார்ல்டன்’ ஆவணப்படம் அவரைப் பற்றியது.

உடன் வாசிக்க எவரும் இல்லாத இடத்தில் இம்முறையின் பயன் அதிகம். பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊரில் கிட்டார் பழகும் மாணவருக்கு டபுள் பேஸ் வாசிப்பவரோ பியானோ கலைஞரோ அமைவது அரிது. ஆனால் இந்த வசதியே ஒரு தவறான எண்ணத்துக்கும் இடமளித்துவிட்டது. இல்லாத குழுவின் அத்தனை கருவிகளையும் ஆறு தந்திகளுக்குள் திணிக்க வேண்டும் என்பதே அது. பயிற்சிக்காகக் கிடைக்கும் பல அமைப்புகள் மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே ஐந்து சுரக் கார்டு ஒன்றை வைக்கின்றன. விரல்கள் உழைக்கின்றன, பாடல் கேட்பதில்லை.

‘ஆட்டம் லீவ்ஸ்’ காட்டும் வழி

ஜோசப் கோஸ்மா இசையமைத்து 1946ல் ஒரு பிரெஞ்சுப் படத்தில் இடம்பெற்று, பின்னர் ஆங்கிலத்தில் ‘ஆட்டம் லீவ்ஸ்’ எனப் புகழ்பெற்ற பாடலை எடுத்துக்கொள்ளலாம். ஜாஸ் பழகுபவர்கள் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். ஈ மைனரில் அதன் முதல் பகுதி ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7, சி மேஜர் 7, எஃப் ஷார்ப் அரைக்குறைவு, பி 7, ஈ மைனர் என நகர்கிறது.

மெட்டு எங்கெங்கே வந்து நிற்கிறது என்று பார்த்தால் அமைப்பாளரின் பாதி வேலை முடிந்துவிடும். ஏ மைனரின் மேல் அது சி சுரத்தில் நிற்கிறது. ஜி மேஜரின் மேல் பி. எஃப் ஷார்ப் கார்டின் மேல் ஏ. ஈ மைனரின் மேல் ஜி. நான்கிலும் நிற்கும் சுரம் அந்தந்தக் கார்டின் மூன்றாம் சுரமே. கார்டு மேஜரா மைனரா என்று சொல்வது அந்தச் சுரம்தான். மெட்டே அதைச் சொல்லிவிட்ட பின் கிட்டார் கலைஞர் சேர்க்க வேண்டியவை அடிச்சுரமும் ஏழாம் சுரமும் மட்டுமே. மொத்தம் மூன்று ஒலிகள்.

இடையில் உள்ள கார்டுகளில் அதுவும் தேவையில்லை. டி 7 வரும் இடத்தில் மெட்டு சி, டி, ஈ, எஃப் ஷார்ப் என ஏறுகிறது. அக்கார்டின் ஏழாம் சுரம், அடிச்சுரம், மூன்றாம் சுரம் ஆகிய மூன்றும் அந்த நான்கு சுரங்களுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. சி மேஜர் 7, பி 7 இரண்டின் மேலும் இதே கதைதான். ஆக, ஏழு கார்டுகளில் மூன்றுக்கு மெட்டை மட்டும் வாசித்தாலே போதும். காதுக்கு எதுவும் குறைவதில்லை.

கையில் இது மிக எளிது. ஏ மைனருக்கு ஐந்தாம் தந்தியும் மூன்றாம் தந்தியும் திறந்தே ஒலிக்க, இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் சி. ஒரே விரல். இந்த அமைப்பில் மெட்டு கிட்டாரின் கீழ்ப்பகுதியில், ஏறக்குறைய ஆண்குரலின் நடு வீச்சில் அமைகிறது. மேலே வாசிப்பதைவிட மினுமினுப்பு குறைவு. பாடலின் சோகத்துக்கு அது பொருந்தவே செய்கிறது.

இந்தச் சிக்கனத்தால் கிடைக்கும் பெரிய லாபம் வேறொன்று. ஜாஸ் பாடகர்கள் சுரத்தை நேராகப் பிடிப்பதில்லை. அருகிலிருந்து வழுக்கி வருவார்கள், நின்ற பின் அசைப்பார்கள். கமகம் கேட்டுப் பழகிய தமிழ்ச் செவி அசையாத சுரத்தை இன்னும் விரைவில் சலித்துக்கொள்ளும். சுகுமார் பிரசாத்தும், சென்னை ஐஐடியில் பொறியியலும் அமெரிக்காவின் பெர்க்லியில் இசையும் பயின்ற பிரசன்னாவும் மின்கிட்டாரில் கர்நாடக இசை வாசித்தபோது இடக்கை முழுவதையும் மெட்டின் அசைவுக்கே கொடுத்தார்கள். ஐந்தாம் ஃப்ரெட்டில் பட்டையாக விரலை அழுத்தி முழு ஏ மைனர் கார்டைப் பிடித்திருப்பவருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. கை அங்கேயே பூட்டப்பட்டுவிடுகிறது. ஒரு விரல் மட்டும் ஊன்றியவர், கீழே இரண்டு தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்க, சி சுரத்தை டி வரை இழுத்து மீண்டும் இறக்கலாம்.

திறந்த தந்திக்கும் ஒரு குறை உண்டு. அதை அசைக்க முடியாது. ஜி மேஜரின் மேல் வரும் பி சுரத்தை இரண்டாம் தந்தியைத் திறந்து வாசித்தால் அது பலகைபோல நிற்கும். மூன்றாம் தந்தியின் நான்காம் ஃப்ரெட்டுக்கு மாற்றினால் அதே சுரம் உயிர்பெறுகிறது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இப்படி ஒரு தேர்வு இருக்கிறது. நல்ல அமைப்புக்கும் சுமாரான அமைப்புக்கும் வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான்.

அறிந்த பாடல், அறியாத பாடல்

ஜோ பாஸ் அடிச்சுரத்தையும் கார்டையும் பெரும்பாலும் ஒருசேர வாசிப்பதில்லை. மாற்றி மாற்றித் தொடுகிறார். இடைவெளியைக் கேட்பவரின் காது நிரப்பிக்கொள்கிறது. ஆனால் ‘வர்ச்சுவோசோ’வின் வேகமான பகுதிகளில் மெட்டின் வரிகளுக்கு நடுவே அவர் பாய்ச்சும் சுர ஓட்டங்கள், பாடலை முன்பே அறியாதவரைத் தவிக்க விடுகின்றன. அமெரிக்கக் கேட்பவருக்கு அந்த மெட்டுகள் வீட்டுப் பாடல்கள். எங்கே விட்டாலும் அவர் மனதில் தொடரும். தமிழ்க் கேட்பவருக்கு அப்படியில்லை. இங்கே ஒரு ஸ்டாண்டர்டை வாசிப்பவர் முதல் சுற்றில் மெட்டை அலங்காரமின்றி முழுமையாகச் சொல்லியாக வேண்டும்.

தமிழ்த் திரைப்பாடலை அமைக்கும்போது நிலைமை தலைகீழ். ‘இளைய நிலா’வோ ‘என் இனிய பொன் நிலாவே’யோ எல்லோருக்கும் மனப்பாடம். ஜோ பாஸுக்குக் கிடைத்த சுதந்திரம் இங்கேதான் கிடைக்கிறது. பாதி சுரங்களை விட்டாலும் கேட்பவர் பாடிக்கொள்வார். நடப்பதோ எதிர்மாறு. முன்னிசை, இடையிசை, தாளக்கட்டு என மூலப்பதிவில் உள்ளது ஒன்றும் விடுபடக்கூடாது என்று அமைப்பாளர்கள் பாடுபடுகிறார்கள். வந்து சேர்வது பாடலின் நகல். அதுவும் மூலத்தைவிட மெலிந்த நகல்.

இளையராஜாவின் பாடல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றில் பேஸ் கிட்டார் பெரும்பாலும் கார்டின் அடிச்சுரத்தோடு நிற்பதில்லை. தனக்கென ஒரு மெட்டைப் பாடுகிறது. அடிச்சுரமும் ஏழாம் சுரமும் போதும் என்ற ஜாஸ் வழி இங்கே பொருந்தாது. கீழ் மெட்டை அடிச்சுரமாகச் சுருக்கினால் பாடலின் பாதி போய்விடும். இங்கே கைவிட வேண்டியது நடுவில் உள்ள கார்டு. கட்டைவிரலில் பேஸ், மற்ற விரல்களில் பாட்டு, இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லாமல் இரண்டே குரல்களாக வாசித்தால், கார்டு என்னவென்று அந்த இரண்டுமே சொல்லிவிடுகின்றன. ‘இளைய நிலா’வின் பல்லவியை அப்படி வாசித்துப் பார்ப்பவருக்கு, நிரப்ப வேண்டும் என்று கை துறுதுறுக்கும் இடங்கள் நாலைந்து வரும். அங்கே கையைக் கட்டிப்போடுவதுதான் கடினமான பயிற்சி; ஐந்து விரல் கார்டுகளைப் பிடிப்பதைவிடவும் கடினம்.